பாட்டு வந்தால் எழுந்து போகாதீர்கள்: அறுபதுக்கு மேல் மியூசிக்கல் பழகும் வழி

எனக்கு மியூசிக்கல், அதாவது பாட்டாலேயே கதை சொல்லும் மேல்நாட்டு நாடகமும் படமும், பிடித்தது அறுபத்து மூன்று வயதில். அதற்கு முன் பிடிக்காது என்றுகூடச் சொல்ல முடியாது, கேலி செய்துகொண்டிருந்தேன். மகள் லண்டனில் வேலைக்குப் போன இரண்டாவது வருடம் எங்கள் இருவரையும் வரவழைத்து முதல் வாரமே 'லே மிசராப்ள்' நாடகத்துக்குக் கூட்டிப்போனாள். டிக்கெட் எவ்வளவு என்று கடைசிவரை சொல்லவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு அவள் காதோரம் குனிந்து, "வசனம் எப்பம்மா வரும்?" என்று கேட்டேன். "வராதுப்பா, முழுக்கப் பாட்டுதான்" என்றாள். அதற்கப்புறம் எனக்கு நினைவிருப்பது, இடைவேளை விளக்கு எரிந்ததும் என் மனைவி விலாவில் இடித்து எழுப்பியதுதான்.

இத்தனைக்கும் அது எனக்குத் தெரியாத கதை இல்லை. 1950-ல் நாகையா நடித்த 'ஏழை படும் பாடு' அதே விக்டர் ஹ்யூகோ நாவல், சுத்தானந்த பாரதியாரின் தமிழாக்கத்தை வைத்து எடுத்தது. அதில் விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன் கடைசிவரை ஜாவர் சீதாராமனாகவே இருந்தார். அந்தப் படத்தை அப்பா சொல்லிச் சொல்லி, ரொட்டி திருடியவன் கதை எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம். கதை தெரியும், பேங்கில் முப்பத்தைந்து வருடம் லெட்டர் எழுதிய அளவுக்கு இங்கிலீஷ் தெரியும், பாட்டு என்றால் உயிர். எல்லாம் இருந்தும் தூங்கியிருக்கிறேன் என்றால் கோளாறு எங்கேயோ இருக்க வேண்டும் அல்லவா? ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் முட்டியில் ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் வீட்டில் கிடந்தபோது, மகள் ஒரு பட்டியல் அனுப்பி, "சும்மாதானே இருக்கீங்க, ஒண்ணொண்ணாப் பாருங்க" என்றாள். அப்போதுதான் கோளாறு பிடிபட்டது. என் வயதுக்காரர்கள் யாராவது இதே இடத்தில் மாட்டியிருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் விட வேண்டிய பழக்கம்

நம் ஊர் தியேட்டரில் பாட்டு வந்தால் என்ன செய்வோம்? பாட்டு நன்றாக இருந்தால் உட்கார்ந்து கேட்போம், சுமாராக இருந்தால் வெளியே போய் ஒரு டீ, ஒரு முறுக்கு, சிலருக்கு ஒரு தம். திரும்பி வந்து பக்கத்து சீட்காரரிடம் என்ன ஆச்சு என்று கேட்டால், "ஒண்ணும் ஆகல" என்பார். உண்மையிலேயே ஒன்றும் ஆகியிருக்காது. காதலர்கள் ஊட்டிக்கோ சுவிட்சர்லாந்துக்கோ போய் ஆடிவிட்டு, விட்ட அதே இடத்துக்கு அதே மனநிலையோடு திரும்பி வந்திருப்பார்கள். நான் குறை சொல்லவில்லை. அந்தப் பாட்டுகளைச் சிலோன் ரேடியோவில் கேட்டு வளர்ந்தவன் நான், படமே பார்க்காமல் பாட்டை மட்டும் வரிக்கு வரி அறிந்த படங்கள் ஐம்பதாவது இருக்கும். படத்திலிருந்து கழற்றி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் நம் சினிமாப் பாட்டின் பெரிய பலம்.

மியூசிக்கலில் இதற்கு நேர் தலைகீழ். வசனம் வரும்போது வேண்டுமானால் தண்ணீர் குடிக்கப் போய் வரலாம், பாட்டு தொடங்கினால் அசையக்கூடாது, ஏனென்றால் கதை நகர்வதே அங்கேதான். 'மை ஃபேர் லேடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். கொச்சை இங்கிலீஷ் பேசும் பூக்காரிப் பெண்ணுக்கு ஒரு பேராசிரியர் நாள்கணக்கில் உச்சரிப்புச் சொல்லிக்கொடுக்கிறார். நம் தமிழாசிரியர்கள் 'ழ' வரவைக்க "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல்" என்று உயிரை எடுப்பார்களே, அந்த மாதிரி. நடு ராத்திரி, எல்லோரும் சோர்ந்து கிடக்கும்போது அவள் வாயில் திடீரென்று அந்த ஒலி சரியாக வந்து விழுகிறது. சரியாக வந்த அந்த வாக்கியமே பாட்டாகிறது, பாட்டு முடியும்போது அவள், பேராசிரியர், அவருடைய நண்பர் மூன்று பேரும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், அவளும் பழைய பூக்காரி இல்லை. அந்த மூன்று நிமிடம் டீ குடிக்கப் போனவருக்குப் படத்தின் முதுகெலும்பே கிடைக்காமல் போய்விடும்.

அதனால் முதல் பயிற்சி இதுதான். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் படத்தை நிறுத்தி, பாட்டுக்கு முன் இல்லாத என்ன இப்போது இருக்கிறது என்று உங்களையே கேளுங்கள். யாரோ ஒரு முடிவெடுத்திருப்பார்கள், அல்லது ஒரு பொய் சொல்லியிருப்பார்கள், அல்லது தனக்கு என்ன வேண்டும் என்பதே அப்போதுதான் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கும். அநேகமாக எல்லா மியூசிக்கலிலும் இரண்டாவது மூன்றாவது பாட்டு இந்தக் கடைசி ரகமாக இருக்கும், முக்கியப் பாத்திரம் தனியாக நின்று தன் ஆசையைச் சொல்லும். மீதிக் கதை முழுக்க அந்த ஆசை நிறைவேறுகிறதா, கெடுகிறதா என்பதுதான். அதைப் பிடித்துக்கொண்டால் வழி தவறாது.

அமெரிக்காவிலும் ஆதியிலிருந்து இப்படி இருக்கவில்லை. நட்சத்திரத்துக்காகப் பாட்டு, அழகிகளுக்காக ஆட்டம், நடுநடுவே கொஞ்சம் கதை என்றுதான் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்தது. 1927-ல் வந்த 'ஷோ போட்' அதை அசைத்தது. 1943 மார்ச் 31 அன்று நியூயார்க்கில் அரங்கேறிய, ரோஜர்ஸ் இசையமைத்து ஹாமர்ஸ்டைன் பாட்டெழுதிய 'ஒக்லஹோமா!'வுக்குப் பிறகு பழைய பாணிக்குத் திரும்பிப் போவது கஷ்டமாகிவிட்டது. திரை விலகினால் ஆட்டக்காரிகள் வரிசை நிற்கும் என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு வயசான பெண்மணி தனியாக உட்கார்ந்து வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தது தெரிந்தது, மேடைக்கு வெளியிலிருந்து ஒரு மாட்டுக்காரனின் பாட்டு மட்டும் கேட்டது. அந்த நாடகம் 2,212 முறை நடந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பாட்டிலேயே கதை நடப்பது நமக்கு மட்டும் புதுசா என்ன? சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' பார்த்திருப்பீர்கள், குறைந்தது கேள்விப்பட்டிருப்பீர்கள். தினைப்புனத்தில் வள்ளி காவல் இருக்கிறாள், நாரதர் வந்து முருகனைப் பற்றிப் பேச்செடுக்கிறார், இரண்டு பேருக்கும் தர்க்கம் மூள்கிறது. அவர் ஒரு பாட்டு, இவள் பதிலுக்கு ஒரு பாட்டு, நடுவில் ஹார்மோனியக்காரர் எடுத்துக்கொடுக்க, யார் மடக்கினார்கள் யார் மடங்கினார்கள் என்று ஜனம் விடிய விடிய உட்கார்ந்து கேட்கும். அந்தப் பாட்டில் எழுந்து போனால் என் பாட்டி அடித்தே விடுவாள். ஆக, கேட்கத் தெரிந்த காதுதான் நமக்கு, சினிமா வந்து அறுபது எழுபது வருடத்தில் அந்தப் பழக்கம் மறந்துபோயிற்று. இது என் சொந்த அபிப்பிராயம், இசை ஆராய்ச்சியாளர்கள் சண்டைக்கு வரலாம்.

எதில் தொடங்குவது

நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். முழுக்கப் பாட்டாலேயே ஆன ஒன்றை, அதுவும் மேடையில், அதுவும் விமானக் களைப்போடு, முதல் தடவையே போய்ப் பார்க்காதீர்கள். வீட்டில் படமாக, இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டுக்கொண்டு, 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' பாருங்கள். 1964-ல் மேடையேறியது, 1971-ல் நார்மன் ஜூவிசன் படமாக எடுத்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்தான் குறைவு, நடுவில் இடைவேளையும் உண்டு, இரண்டு ராத்திரியாகப் பிரித்துக்கொண்டால் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஏன் இது? ஏனென்றால் இது நம் வீட்டுக் கதை. 1905 வாக்கில் ரஷ்ய ஆட்சியின்கீழ் ஒரு ஏழை யூதக் கிராமம், அங்கே டெவ்யே என்று ஒரு பால்காரர், ஐந்து பெண்கள். தரகர் அம்மா ஒருத்தி வரன் கொண்டு வருகிறாள். மூத்தவளுக்கு வசதியான, வயதான கசாப்புக் கடைக்காரர், ஆனால் அவள் மனதில் இருப்பது ஏழைத் தையல்காரன். இரண்டாமவள் புரட்சி பேசும் மாணவன் ஒருவனை விரும்பி, சைபீரியாவில் கைதியாகிவிட்ட அவனைத் தேடிப் போகிறாள். மூன்றாமவள் வேற்று மதத்துப் பையனோடு போய்விடுகிறாள். அப்பா முதல் கல்யாணத்துக்கு வளைகிறார், இரண்டாவதுக்கு இன்னும் கொஞ்சம் வளைகிறார், மூன்றாவதில் அவரால் வளைய முடியவில்லை. நம் தெருவில் எத்தனை டெவ்யே! இந்த நாடகம் ஜப்பானுக்குப் போனபோது அங்கிருந்த தயாரிப்பாளர், இவ்வளவு ஜப்பானியத்தனமான கதை அமெரிக்காவில் எப்படிப் புரிந்தது என்று கேட்டாராம். கதை வசனம் எழுதிய ஜோசப் ஸ்டைன் இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

பார்க்கும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். முதலாவது, தொடக்கப் பாட்டு. ஊரின் கட்டுப்பாடு, மரபு, யாருக்கு என்ன கடமை என்று அப்பாக்கள், அம்மாக்கள், பையன்கள், பெண்கள் எல்லோரும் கூட்டம் கூட்டமாக வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒத்திகைக்கு முன் நடந்த ஆலோசனைக் கூட்டங்களில் நாடகத்தின் இயக்குநர் ஜெரோம் ராபின்ஸ், இந்த நாடகம் எதைப் பற்றியது, எதைப் பற்றியது என்று துளைத்தெடுத்து, கடைசியில் மரபைப் பற்றியது என்று பதில் வந்தபிறகுதான் அந்தப் பாட்டே பிறந்தது. பத்து நிமிடத்துக்குள் ஒரு ஊரே நமக்குப் பழக்கமாகிவிடும்.

இரண்டாவது, கனவுப் பாட்டு. கசாப்புக் கடைக்காரருக்குக் கொடுத்த வாக்கை எப்படி மாற்றுவது, மனைவியிடம் எப்படிச் சொல்வது? ராத்திரி அலறிக்கொண்டு எழுந்து, கனவில் செத்துப்போன பாட்டி வந்தாள், தையல்காரனுக்கே பெண்ணைக் கொடு என்றாள் என்று டெவ்யே அளக்கிறார். மனைவி நம்பிவிடுகிறாள். என் சின்னத் தாத்தா இதே உத்தியில் ஒரு நிலத்தை விற்காமல் காப்பாற்றியிருக்கிறார்.

மூன்றாவதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. பெண்கள் எல்லாம் காதல் காதல் என்று கிளம்புவதைப் பார்த்த டெவ்யே, இருபத்தைந்து வருடம் குடித்தனம் நடத்திய மனைவியிடம், நீ என்னை நேசிக்கிறாயா என்று கேட்கிறார். கல்யாணத்தன்றுதான் முதலில் பார்த்துக்கொண்டவர்கள். என்ன இது, அஜீரணமா, போய்ப் படுங்கள் என்கிற தொனியில் அவள் தட்டிக்கழிக்கிறாள். விடாமல் கேட்கிறார். துணி துவைத்தது, சமைத்தது, மாடு கறந்தது, பிள்ளை பெற்றது என்று கணக்குச் சொல்லிக்கொண்டே போகிறாள். கணக்குச் சொல்லி முடிக்கும் நேரத்தில்தான் அவளுக்கே பதில் தெரிகிறது. மெட்டு மிகச் சாதாரணம், இரண்டு பேரும் ஏறக்குறையப் பேசுகிறார்கள். ரேடியோவில் தனியாகக் கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அந்தப் பாட்டு ஓடும்போது பக்கத்தில் என் மனைவி இருந்தாள். முடிந்ததும், "ஏங்க, கஞ்சி ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். எனக்கு மியூசிக்கல் புரிந்தது அந்த நிமிடத்தில்தான்.

கதையை முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் முடிவைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். மியூசிக்கலுக்கு அந்த விரதம் வேண்டாம். ராமாயணம் கேட்கப் போகிறவன் முடிவு தெரியாமலா போகிறான்? பாட்டு வரிகளில் எதுகை துள்ளிக்கொண்டு ஓடும், இலண்டன் கொச்சை, நியூயார்க் கொச்சை எல்லாம் கலந்து வரும், நம் காது ஒரு வரியைப் பிடிப்பதற்குள் மூன்று வரி போயிருக்கும். கதை முன்பே தெரிந்தால் வார்த்தை விட்டுப்போனாலும் இவன் இப்போது எதற்குத் தவிக்கிறான் என்பது விட்டுப்போகாது. விக்கிப்பீடியாவில் பாட்டு வரிசையோடு கதைச்சுருக்கம் இருக்கும், ஒரு தடவை படித்தால் போதும். பாட்டுத் தொகுப்பை மட்டும் முன்கூட்டியே கேட்காதீர்கள், பார்த்தபிறகு கேளுங்கள். முதலில் கேட்டுவிட்டால் நம் பழைய ரேடியோ புத்தி வந்து, இது நல்ல மெட்டு, இது சுமார் என்று மார்க் போடத் தொடங்கிவிடும்.

குரல் சரியில்லையே என்று தோன்றும்

கட்டாயம் தோன்றும். சௌந்தரராஜனையும் சுசீலாவையும் கேட்டு வளர்ந்த காதுக்கு, நடிகரே பாடுவது ஏதோ கல்யாண வீட்டில் மாமா பாடுவது மாதிரி இருக்கும். 'மை ஃபேர் லேடி'யில் பேராசிரியராக வரும் ரெக்ஸ் ஹாரிசன் பாடுவதே இல்லை, தாளத்தில் பேசுகிறார். படப்பிடிப்பில் அவர் டைக்குள் சின்ன மைக்கை ஒளித்து வைத்து, அவர் பேசப் பேச அங்கேயே பதிவு செய்தார்கள். முதல் பத்து நிமிடம் எனக்கு எரிச்சலாக இருந்தது, அப்புறம் பார்த்தால் அந்த ஆளின் திமிர் முழுக்க அந்தப் பாடாத பாட்டில்தான் இருக்கிறது.

அதே படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்குப் பெரும்பாலும் பாடியது மார்னி நிக்சன் என்ற பாடகி. 'தி கிங் அண்ட் ஐ'யில் டெபோரா கெருக்கும், 1961 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட்டுக்கும் அவர்தான். ஆனால் அந்தப் படங்கள் வந்த காலத்தில் அவர் பெயரைத் திரையில் போடவில்லை. நம் ஊரில் பின்னணிப் பாடகிக்குக் கோயில் கட்டாத குறை, அங்கே அதை ரகசியமாக வைத்திருந்தார்கள்! மேடையில் அந்தப் பாத்திரத்தைப் பாடி நடித்துப் பெயர் வாங்கிய ஜூலி ஆண்ட்ரூசை விட்டுவிட்டு ஹெப்பர்னைப் படத்தில் போட்டார்கள் என்பது இன்னொரு வம்பு. ஆண்ட்ரூசுக்கு அதே வருடம் 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காக ஆஸ்கர் கிடைத்தது, ஹெப்பர்ன் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை. இப்படிப்பட்ட வம்புகளைத் தேடிப் படியுங்கள், ஆர்வம் வருவதற்கு வம்பு மாதிரி மருந்து கிடையாது.

2012-ல் 'லே மிசராப்ள்' படமானபோது நடிகர்கள் காதில் பியானோவைக் கேட்டபடி கேமரா முன்னாலேயே பாடினார்கள். குரல் உடைகிறது, மூச்சு வாங்குகிறது, மூக்கை உறிஞ்சுகிறார்கள். சங்கீதமாகப் பார்த்தால் குறைதான். ஆன் ஹாத்தவே அழுதுகொண்டே பாடும் காட்சியைப் பார்த்துவிட்டு அது குறையா என்று நீங்களே சொல்லுங்கள்.

திடீரென்று பாடுவது கூச்சமாக இருந்தால்

சிலருக்கு இதுதான் பெரிய தடை. பேசிக்கொண்டிருந்தவன் எப்படியப்பா நடுத்தெருவில் பாடுவான்? எம்.ஜி.ஆர். பாடினால் கேட்காத இந்தக் கேள்வியை வெள்ளைக்காரன் பாடினால் மட்டும் கேட்பது ஏன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் கேட்கிறோம். அவர்களுக்குப் பக்கவாசல் ஒன்று இருக்கிறது. 'தில்லானா மோகனாம்பாள்', 'சிந்து பைரவி' மாதிரி, பாத்திரங்களே கலைஞர்களாக இருந்து மேடையில் பாடும் படங்கள். பாப் ஃபாஸி இயக்கிய 'கேபரே' (1972) அப்படிப்பட்டது. நாஜிகள் தலையெடுக்கும் பெர்லினில் ஒரு இரவு விடுதி, ஒரே ஒரு பாட்டைத் தவிர எல்லாம் அந்த விடுதிக்குள்தான். வெளியே நடக்கிற அந்த ஒரு பாட்டுதான் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கும், அதை நான் விவரிக்க மாட்டேன். குழந்தைகளோடு பார்க்கிற படமில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

லேசாக வேண்டும் என்றால் 'சிங்கின் இன் தி ரெயின்' (1952). ஊமைப்படம் பேசும்படமாக மாறும் காலத்துக் கூத்து. குரல் சரியில்லாத கதாநாயகிக்கு இன்னொரு பெண் மறைவில் குரல் கொடுக்கிறாள் என்பது கதை, அப்படிக் குரல் கொடுப்பவளாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கே சில பாட்டில் வேறொருவர் குரல் கொடுத்தார் என்பது கதைக்கு வெளியே உள்ள கதை. என் மனைவிக்கு இதுதான் பிடித்த படம். மழையில் ஜீன் கெல்லி ஆடும் காட்சியைக் கடுமையான காய்ச்சலோடு எடுத்தார்கள் என்று சொன்னேன், "யாராவது துண்டு குடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' அநேகமாகப் பார்த்திருப்பீர்கள். ஸ்கூலில் கூட்டிப்போயிருப்பார்கள், அல்லது 'சாந்தி நிலையம்' (1969) வழியாக அதன் சாயலையாவது பார்த்திருப்பீர்கள். இந்த வயதில் இன்னொரு தடவை பாருங்கள், ஆனால் பிள்ளைகளையும் மலையையும் விட்டுவிட்டு அந்த அப்பாவை மட்டும் பாருங்கள். மனைவி போனபின் வீட்டில் பாட்டையே நிறுத்தி, பிள்ளைகளை விசில் ஊதிக் கூப்பிடுகிற மனுஷன். வேலைக்கு வந்த பெண்ணோடு சண்டை போட்டு, மூட்டை கட்டு என்று சொல்லிய கையோடு உள்ளே பிள்ளைகள் பாடுவது காதில் விழுகிறது. உள்ளே போய் நிற்கிறார், தன்னை அறியாமல் கூடப் பாடுகிறார். படத்தின் திருப்பமே அங்கேதான். பத்து வயதில் எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

திரும்பி வரும் மெட்டு

நாலைந்து பார்த்துப் பழகியபின் அடுத்த படி. ஒரு மெட்டு முதலில் ஒருவர் வாயில் வரும், பிறகு வேறொரு நேரத்தில், வேறு வார்த்தையோடு, சில சமயம் வேறு ஆள் வாயில் வரும். தற்செயல் இல்லை, வேண்டுமென்றே செய்வது. 'லே மிசராப்ள்' இதற்கு நல்ல பாடம். பிஷப் மன்னித்து விட்டபின், அந்த ரொட்டி திருடிய ஜான் வால்ஜான் குழம்பிப்போய்த் தன் பழைய வாழ்க்கையை உதறுகிற பாட்டு ஆரம்பத்திலேயே வரும். கடைசியில் ஜாவர், தான் துரத்தியவன் தன் உயிரையே காப்பாற்றிவிட்டானே என்ற குழப்பத்தில் ஆற்றுப் பாலத்தில் நின்று பாடுவது அதே மெட்டு. ஒரே கருணை, ஒரே இசை, ஒருவன் அதை ஏற்றுப் பிழைக்கிறான், இன்னொருவனால் ஏற்க முடியாமல் ஆற்றில் விழுகிறான். இதை ஒருத்தர் சொல்லாமலேயே ஒருநாள் நானே கண்டுபிடித்தபோது ராத்திரி பதினொன்றரை மணிக்கு மகளுக்குப் போன் போட்டேன். "அது எல்லாருக்கும் தெரியும்பா" என்றாள். பரவாயில்லை.

அதே நாடகத்தின் முதல் பாதி முடிவில் அத்தனை பாத்திரங்களும் தத்தம் மெட்டை ஒரே நேரத்தில் பாடி ஒன்றாகச் சேர்கிற இடம் வரும். முதல் தடவை கேட்டால் சந்தைக் கூச்சல். ஒவ்வொருவர் பாட்டும் தனித்தனியாகப் பழகியபிறகு கேட்டால், யார் எங்கே எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடியும். 2010-ல் லண்டன் ஓ2 அரங்கில் நடந்த அதன் இருபத்தைந்தாம் ஆண்டுக் கச்சேரியின் வீடியோ இருக்கிறது. பாடகர்கள் மைக் முன் நின்று பாடுவதால் முகம் அருகில் தெரியும், பழகுவதற்கு மேடையைவிட அது சுலபம்.

அரங்குக்குப் போகும்போது

பிள்ளைகள் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருந்தால் வாய்ப்பு வரும், வந்தால் விடாதீர்கள். மதியக் காட்சிக்குப் போங்கள், ராத்திரி நமக்கு ஏழரைக்கே கண் சொக்கும். இரண்டு ஊரிலும் டிகேடிஎஸ் என்ற தள்ளுபடி டிக்கெட் கூண்டு உண்டு, லண்டனில் லெஸ்டர் சதுக்கத்தில், நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்தில். லண்டனின் பழைய அரங்குகளில் மேல் மாடி சீட் மலிவு, ஆனால் படி செங்குத்தாக இருக்கும், பல இடங்களில் லிஃப்ட் கிடையாது, முன் வரிசையில் முட்டி இடிக்கும். முட்டிவலிக்காரர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது கீழ்த்தளத்தில் ஓரத்து சீட் கேளுங்கள். தாமதமாகப் போனால் தோதான இடைவெளி வரும்வரை வெளியே நிறுத்திவிடுவார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டலாம், கூடப் பாடக்கூடாது. நிகழ்ச்சி நிரல் புத்தகம் நியூயார்க்கில் இலவசம், லண்டனில் காசு. அன்றைக்கு முக்கிய நடிகருக்குப் பதில் வேறொருவர் என்று அறிவிப்புப் போட்டிருந்தால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம், வாரத்துக்கு எட்டுக் காட்சி பாடுகிறவர்களுக்கு மாற்று ஆள் இல்லாமல் முடியாது, அந்த மாற்று ஆள் உயிரைக் கொடுத்துப் பாடுவார்.

வெளிநாடு போகத்தான் வேண்டும் என்றும் இல்லை. மும்பையில் 2023-ல் திறந்த நீதா முகேஷ் அம்பானி கலாசார மையத்துக்கு அந்த வருடமே 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' வந்தது. நம் ரகுமானும் இந்த ஆட்டத்தில் இருக்கிறார், 2002-ல் லண்டனில் ஆண்ட்ரூ லாய்ட் வெப்பர் தயாரித்த 'பாம்பே ட்ரீம்ஸ்' அவர் இசைதான், பிறகு அது நியூயார்க் பிராட்வேக்கும் போயிற்று. அதில் அவருடைய பழைய படப் பாட்டுகள் சில இருந்தன. கேட்க அருமை. ஆனால் வேறொரு படத்துக்காகப் பிறந்த பாட்டு இன்னொரு கதைக்குள் எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதை, பாட்டுக்கு முன் இல்லாத என்ன இப்போது இருக்கிறது என்று நான் மேலே சொன்ன கேள்வியை வைத்து நீங்களே சோதித்துப் பாருங்கள்.

எனக்கு இன்னும் வராதவையும் இருக்கின்றன. ஷூவால் தரையில் தட்டித் தாளம் போட்டு ஆடும் டாப் நடனம் ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் கவனம் கலைகிறது. 'ஹாமில்டன்' மூன்று தடவை முயன்றேன், ராப் வேகத்துக்கு சப்டைட்டிலே ஓடிப் பிடிக்க முடியவில்லை, அமெரிக்காவின் முதல் நிதியமைச்சரின் கதை என்பதால் பேங்க்காரன் எனக்குத்தான் முதலில் பிடித்திருக்க வேண்டும். நாலாவது தடவைக்கு மகள் கதைச்சுருக்கம் எழுதி அனுப்புகிறேன் என்றிருக்கிறாள்.

இடையில் ஒரு வேலை. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் யாராவது உறவு இருந்தால், கோயில் திருவிழா சமயத்தில் ஸ்பெஷல் நாடகம் எங்கே என்று விசாரித்து 'வள்ளி திருமணம்' ஒன்றுக்குப் போய் வாருங்கள். நடிகர்களைத் தனித்தனியாக அமர்த்தி, சேர்ந்து ஒத்திகைகூட இல்லாமல் அன்றைக்கு ராத்திரியே மேடையேற்றுகிற நாடகம் அது. பத்து மணி வாக்கில் தொடங்கும், முதலில் பபூன் வருவார், அவர் அடிக்கிற ஜோக்கில் பாதி காதைப் பொத்திக்கொள்ள வைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தர்க்கம் வருவதற்கு நடுச்சாமம் தாண்டிவிடும். பனிக்கு ஒரு துண்டும் உட்கார ஒரு பாயும் எடுத்துப் போங்கள், சாயங்காலமே ஒரு தூக்கம் போட்டுவிடுங்கள். நாரதர் முதல் பாட்டு எடுக்கும்போது டீக்கடைப் பக்கம் யாராவது எழுந்து போனால் கையைப் பிடித்து உட்கார வையுங்கள்.